மூன்று நாள் கீழாநெல்லி

உலகநாதனின் ஈரலில் இருந்த புற்றுக்கட்டி, நோய் எதிர்ப்பைத் தூண்டும் மூன்று ஊசிகளுக்குப் பின்னும் சுருங்கவில்லை. மருத்துவர் சபீனா அறிக்கையை மூடி வைத்தார்.

"கட்டியைக் கொல்லுற அணுக்கள் உங்க உடம்புல இருக்கு. அதுங்களுக்குத் தகவல் குடுத்துத் தூண்டிவிட வேண்டிய உதவி அணுக்கள்தான் ஓஞ்சுபோச்சு. ஹெபடைடிஸ் கிருமியோட வருஷக்கணக்கா போராடியிருக்கு. இனிமே ஊசியால பிரயோஜனமில்லை. ஆரம்பத்துலயே அந்தக் கிருமிக்கு மாத்திரை சாப்பிட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

வெளியே பெஞ்சில் அமர்ந்ததும் சொர்ணம் கணவரின் முகத்தைப் பாராமலே பேசினாள்.

"பன்னெண்டு வருசம் முன்னாடி அம்பத்தூர் கம்பெனில ரத்ததானம் குடுத்தியே, அப்பவே இந்தக் கிருமி கீதுன்னு ஊட்டுக்கு லெட்டர் வந்துச்சு. சுவேதா நிச்சயதார்த்தம் முடியட்டும்னு ஒளிச்சு வெச்சேன். அப்பால சொல்ல பயமா பூட்ச்சு."

உலகநாதன் வீங்கிய தம் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரத்த பேங்க்லேர்ந்து எனக்கும் அப்பவே போன் பண்ணாங்க. நிச்சயம் நின்னுடும்னு நானும் வாயத் தொறக்கல. மூணு நாளு வெறும் வயித்துல கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தியே, எதுக்குன்னு ஒரு வார்த்த கேட்டேனா?"

கேள்வி கேளாமல் குடித்த அவரை இத்தனை ஆண்டுகளும் வெள்ளந்தி என்றே சொர்ணம் எண்ணியிருந்தாள்.

கைப்பேசி ஒலித்தது. சேக்காட்டிலிருந்து மகள் சுவேதா அழைத்தாள்.

"டாக்டர் இன்னாம்மா சொன்னாங்க?"

சொர்ணம் கணவரைப் பார்த்தாள். அவர் வேண்டாமெனத் தலையசைத்தார்.

"ஒண்ணுமில்லடி. சத்தா சாப்புடச் சொன்னாங்க."