ஈரல் வறுவலும் உபால்தோவின் ஆன்மாவும்

கடைசியில் சிரிக்க ஒன்று இருக்கிறது. அவசரப்படாதீர்கள், முதலில் ஈரல் வேக வேண்டும்.

தெருவுக்கு நான்கு கவிஞர்கள் இருந்த அந்தக் காலத்தில், இத்தாலியில் மோந்தலோரோ என்றொரு ஊர். அங்கே காதலில் விழுந்தவனின் ஆன்மா கண் வழியாக இறங்கி, செருப்புக்கூடப் போடாமல், காதலியின் வீட்டுக்குப் போய்விடும். நாற்பது நாள் அதற்குச் சாப்பாடு போடுவது அந்த வீட்டின் பொறுப்பு. நாற்பதாம் நாள் உச்சிவேளை மணிக்குள் அவள் ‘சரி’ என்றால் கல்யாணம். ‘வேண்டாம்’ என்றால் ஆன்மா திரும்பி வந்துவிடும். ஒன்றுமே சொல்லாவிட்டால், காலி உடம்பு நின்ற இடத்திலேயே சலவைக்கல்லாகும். தேவாலயத்தார் தூக்கிப்போய் வாசலில் நிறுத்துவார்கள். அங்கே ஏற்கெனவே பதினோரு கவிஞர்கள் நின்றார்கள். ஒருவன் தும்மப் போனவன், இன்னும் தும்மவில்லை.

கவிஞன் உபால்தோவுக்கு வயது நாற்பத்திரண்டு. அவன் ஆன்மாவுக்குப் பதினாறு. யார் குரலையும் அப்படியே செய்துகாட்டும். பூசை நடுவில் ஆயரைப் போலவே இருமி, உபால்தோவுக்குத் திட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறது. அது விதவை நெஸ்ஸாவின் வீட்டுக்குக் கிளம்பிய அன்று அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

முறைப்படி தினமும் அவளுடைய மூடிய ஜன்னலுக்குக் கீழே தலை நிமிராமல் நின்றான்.

“சீமாட்டி, காதல் உடம்பில் எங்கே குடியிருக்கிறது, தெரியுமா?”

“எங்கே ஐயா?” என்றது மேலிருந்து நெஸ்ஸாவின் குரல்.

“எல்லோரும் இதயம் என்பார்கள். நான் ஈரல் என்கிறேன்.”

“வாயால் சொன்னால் ஆயிற்றா? ஒன்றைக் கொண்டுவந்து காட்டும். வெங்காயம் போட்டு வறுத்து.”

கயிற்றில் ஒரு கூடை இறங்கியது.

மறுநாள் குரல் சொன்னது: “முழுக்கத் தேடிவிட்டேன். காதல் இல்லை. மிளகு போதவில்லையோ என்னவோ.”

மிளகைக் கூட்டினான். பன்னிரண்டாம் நாள் வாத்து ஈரலுக்கு மாறினான். “ஓரத்தில் கொஞ்சம் தென்பட்டது,” என்றது குரல். “ஆனால் தீய்ந்திருந்தது.” உபால்தோ அங்கேயே நின்று அழுதான்.

“என் ஆன்மா தொந்தரவு தருகிறதா, சீமாட்டி?”

“தொந்தரவா? தங்கம்! இவ்வளவு அழகான, அறிவான ஆன்மாவை நான் பார்த்ததே இல்லை. உம்மிடம் எப்படித்தான் காலம் தள்ளியதோ!”

நாற்பதாம் நாள் வந்தது. மணிக்குக் கொஞ்ச நேரமே இருந்தது.

“சீமாட்டி, சரியா, வேண்டாமா?”

“சொல்கிறேன், சொல்கிறேன். முதலில் ஒற்றைக் காலில் நின்று சேவல் மாதிரி கூவும்.”

கூவினான்.

“இன்னும் உருக்கமாக.”

மூன்றாவது தடவை கூவும்போது, கழுதையை நடத்திக்கொண்டு ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

“யாரய்யா நீர்? என் வீட்டு வாசலில் ஏன் கூவுகிறீர்?” என்றாள் நெஸ்ஸா. “ஐம்பது நாள் தங்கை வீட்டுக்குப் போய் வருவதற்குள் இங்கே சேவல் குடியேறிவிட்டதா?”

“யாரடி அவள், என் கவிஞரை அதட்டுவது?” என்றது ஜன்னல், அதே குரலில்.

நெஸ்ஸா இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தாள். மேலே ஆயர் இருமினார். பிறகு யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் உருளும் சத்தம் கேட்டது.

நாற்பது நாள் ஈரலும் அப்போதுதான் உபால்தோவுக்கு ஒரே மூச்சில் புரிந்தது. முதன்முறையாகத் தலை நிமிர்ந்தான்.

“நீயா?”

“நானேதான்,” என்றது அவனுடைய சொந்தக் குரல்.

நெஸ்ஸாவிடம் கேட்க வாயைத் திறந்தான். மணி அடித்தது. பாதம் சில்லிட்டு முழங்கால்வரை வெளுத்தது. அதுவரை அவனையே பார்த்துக்கொண்டிருந்த கழுதையின் கண்ணிலிருந்து ஏதோ இறங்கியது. அவன் வீடு எதுவென்று அதற்குத் தெரியாது. அதனால் காலியாகக் கிடந்த அவன் நெஞ்சுக்குள்ளேயே நேரே நுழைந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, உட்கார்ந்துகொண்டது. முழங்காலில் சூடு திரும்பியது.

“நாற்பது நாள்,” என்றான் உபால்தோ கழுதையிடம், முறைப்படி. “என்ன சாப்பிடுவாய்?”