காமினியின் தலைமேல் ஒரு சத்தியம்

காமினிக்கு வயிறு காந்தியது. முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குத் தின்ற இரண்டு துண்டு ரொட்டியோடு சரி. எட்டு வயதுப் பிள்ளை; மூன்று மாதமாகச் சாப்பிட்டதெல்லாம் வாந்தி. இன்று ஆஸ்பத்திரியில் வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கப் போகிறார்கள்.

"அப்பா, தூங்க வச்சிட்டுத்தானே எல்லாம் செய்வாங்க?"

"ஆமாலா."

"முழிச்சிருக்கறப்ப வாயில ஒண்ணும் விட மாட்டாங்களே? என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

லோகேஸ்வரன் அவள் உச்சந்தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் சுமை ஏற்றுகிறவன். இது மூன்றாவது லீவு. முதல் இரண்டு தடவையும் அவள் பரிசோதனை அறைக் கதவருகே அழுது புரண்டதில் தேதி தள்ளிப்போனது. இன்னொரு லீவு கேட்டால் சூப்பர்வைசர் வேலையை விட்டே அனுப்பிவிடுவான்.

தாதி கிளாரிஸ் மருந்துக் குப்பியோடு வந்தாள். "வாயத் திற காமினி. தொண்டைக்கு அடிக்கிற மருந்து. அப்பா சொல்லியிருப்பாரே?"

"இல்ல மிஸ்ஸி. தூங்கின பிறகுதான்னு சொன்னாரு."

கிளாரிஸ் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "என்னாண்ணே, முதல் தடவை வந்தப்பவே உங்ககிட்டதானே சொன்னேன்? முழிச்சிருக்கறப்பவே அடிப்போம், கசக்கும், பிள்ளைகிட்ட மறைக்காதீங்கன்னு. நல்லா தலையாட்டினீங்களே!"

காமினி அழவில்லை. அப்பாவின் விரலைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

"ரொம்பக் கசக்குமா மிஸ்ஸி?"

"கசக்கும். தொண்டை மரத்துப்போய் எச்சில் முழுங்க முடியாத மாதிரி இருக்கும். ஆனா மூச்சு நல்லா வரும். பயமா இருந்தா என் கையைக் கிள்ளு."

வாயைத் திறந்தாள். மருந்து பட்டதும் முகம் கோணியது. கிளாரிஸின் கையைக் கிள்ளிக்கொண்டே உள்ளே போனாள். அவ்வளவுதான். உண்மையைச் சொல்லியிருந்தால் முதல் தடவையே முடிந்திருக்கும்.

மயக்கம் தெளிந்ததும் அவள் முடியைக் கோதப் போனான்.

"தலையில கை வைக்காதீங்க." நாக்கு இன்னும் குழறியது. "பொய்ச் சத்தியம் பண்ணா, யார் தலையில பண்ணாங்களோ அவங்க செத்துருவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? தெரிஞ்சேதானே பண்ணீங்க?"

"அது சும்மா சொல்றதுலா…"

"எது சும்மா?"

தொண்டை மரப்பு விட்டபின் மைலோ பானம் வாங்கிக் கொடுத்தான். அவள் தொடவில்லை. பாலம் தாண்டி ஜுரு வரும்வரை காரின் பின் இருக்கையில் ஜன்னல் கண்ணாடிப் பக்கமே திரும்பியிருந்தாள்.

ஆறு மாதத்தில் மறுபடி குழாய் விட வேண்டுமாம். மகளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை லோகேஸ்வரன் இன்னும் கேட்கவில்லை. அது பாக்கி.