இருபத்திரண்டு நிமிட சூர்யகலா

ஐந்தரைக்கு எழுந்தேன். முனிசிபல் தண்ணீர் வரும் நாள். நான்கு குடங்களை நிரப்பினேன். பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தேன். கொடியில் கிடந்த சட்டைகளை மடித்தேன். முகச்சவரம் செய்யும்போது சூர்யகலாவின் குரல் வந்தது. பேய் பிசாசு இல்லை, நினைப்புதான். "சத்தத்தக் குறைக்காதீங்க, மிதக்குற மாதிரி இருக்கு" என்றாள். ரேசரைக் கன்னத்திலிருந்து எடுத்தேன். என் மனைவி உயிரோடு இருந்தவரை அப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னதே இல்லை. அது இளஞ்செழியன் எழுதியது.

நாங்கள் மூன்று பேர். கல்லூரி ஹாஸ்டலில் ஒரே அறை. நான் இப்போது பால் பண்ணையில் லேப் டெக்னீசியன். இளஞ்செழியன் சின்னாளபட்டியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் பாக்ஸ் கட்டி ஊரை அதிரவைக்கும் அவனுக்கு, தனியாக இருக்கும்போது ஆம்பியண்ட் என்கிற இசை மட்டும்தான் பிடிக்கும். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. கம்ப்யூட்டரில் செய்த ஒரு ஒலி நீண்டுகொண்டே போய், நாம் கவனிக்காத நேரத்தில் வேறொன்றாகிவிடும். நூர் அகமதுவுக்குப் பேகம்பூரில் செல்போன் சர்வீஸ் கடை. அவனுக்கும் அதே பைத்தியம். ஏழு வருடமாக வாட்ஸ்அப் குழுவில் இதையே அனுப்பி, இதற்கே சண்டை போடுகிறார்கள். சிறுமலையில் பெய்த மழையைப் பதிவு செய்து போட்டால் அது இசையா என்று ஒருமுறை பதினோரு நாள் சண்டை நடந்தது. அதில் நானும் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறேன். இப்போது நினைத்தால் அலுப்பாக இருக்கிறது.

சூர்யகலா போய்ப் பத்து மாதம். டெங்கு. அதிலிருந்து இரண்டு பேரும் எனக்கென்று தேர்ந்தெடுத்து அனுப்புகிறார்கள். தூக்கம் வர இது, மனசு லேசாக அது. நான் எதையும் திறப்பதில்லை. கட்டைவிரல் படத்தை மட்டும் போட்டுவிடுவேன். அதற்கும் நூர், "ரெண்டு செகண்டுல எப்பிடிறா கேட்ட?" என்பான்.

போன வாரம் இளஞ்செழியன் தானே செய்த முதல் இசையை இணையத்தில் ஏற்றினான். இருபத்திரண்டு நிமிடம். தலைப்பு 'சூர்யகலா'. கீழே, அவள் கடைசியாகச் சொன்னது என்று அந்த மிதக்கிற வாக்கியம், தமிழிலும் ஆங்கிலத்திலும். எந்த நாட்டிலிருந்தோ ஒருத்தி, மூன்று முறை கேட்டு மூன்று முறையும் அழுததாக எழுதியிருந்தாள்.

சவரத்தைப் பாதியில் விட்டுக் குழுவில் எழுதினேன். அந்த வரியை எடு.

நூர் பதில் போட்டான். "வரி கெடக்கட்டும். பதினோராவது நிமிசத்துல பேஸ் சவுண்ட ஏத்திருக்கான். இதுக்குப் பேரு ஆம்பியண்ட்டா?" "நீ போன் ஸ்பீக்கர்ல கேட்டிருப்ப" என்றான் இளஞ்செழியன். பால் பொங்குவதற்குள் நாற்பத்தாறு மெசேஜ். நான் எழுதியது மேலே எங்கோ போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமைதான். வண்டியை எடுத்துக்கொண்டு சின்னாளபட்டி போனேன். கடைக்குப் பின்னால் முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டிய ஒரு அறை. பேஸ் விவகாரத்தை நேரில் தீர்ப்பதற்காக நூரும் அங்கே வந்திருந்தான். இரண்டு பெரிய பாக்ஸில் அது ஓடிக்கொண்டிருந்தது.

"வா மாப்ள, சரியான நேரத்துக்கு வந்த. பதினோராவது நிமிசம் வரப்போகுது. நீயே சொல்லு" என்றான் இளஞ்செழியன்.

"அந்த வரிய எடு."

"ஏன், மதினி சொன்னதுதான? அன்னைக்கு நாம கேக்குறப்ப, இந்தா, இங்கனதான உக்காந்திருந்தாங்க."

"அவ சொன்னது, 'சத்தத்தக் கூட்டுங்க, ஒண்ணுமே கேக்கல, போட்டுட்டீங்களா இல்லையா?'"

நூர் சிரித்துவிட்டான். "ஆமாலே. செத்த நேரம் கழிச்சு, கரண்ட் போயிருச்சாண்ணேன்னு கேட்டுச்சு தங்கச்சி."

"அதத்தான் கொஞ்சம் அழகா எழுதுனேன். படிக்கிறவங்களுக்கு மனசுல ஒட்டணும்ல? எம்புட்டுப் பேரு அழுதிருக்காங்க பாரு."

"யாருக்காக?"

"மதினிக்காகத்தான்."

"இதுல ரெண்டு பேரு சொல்றதும் தப்பு" என்றான் நூர். "ஆம்பியண்டுக்கு எழுத்தே ஆகாது. பேரும் வேணாம். வெறும் நம்பரப் போடு."

"ஒன்னய யாருலே கேட்டா? ரிங்டோன் ஏத்துற பய."

"நீ கெடா வெட்டுக்கு மைக் கட்டுற பய."

மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். பதினோராவது நிமிடம் வந்தது. பேஸில் என் கால்சட்டை நடுங்கியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விரலை உயர்த்தி, "இந்தா, இதான்" என்றார்கள். நான் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்தேன்.

"காலைல சவரம் பண்றப்ப அவ குரல்ல நீ எழுதுனதுதான் வருது. அவ சொன்னது வரல. இன்னும் ரெண்டு மாசம் போனா எங்கிட்ட நீ எழுதுனது மட்டும்தான் இருக்கும். எடுத்துருடா."

லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. இளஞ்செழியன் அதைத் தன் பக்கம் இழுத்து, அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். கட்டம் காலியானது. அதில் ஒரு கோடு மட்டும் மின்னி மின்னி நின்றது.

"அப்ப தங்கச்சி கடைசியா என்னதான் சொல்லுச்சு, ஹரி?" என்றான் நூர்.

பத்து மாதத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். காய்ச்சல் வார்டு, பகல் பன்னிரண்டு மணி. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நூர் அன்று அனுப்பியதை ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. கண்ணை மூடியிருந்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினேன். அவள் சொன்னதைக் கேட்டதும் எழுந்து போய், நர்ஸ் நீட்டிய தாள்களில் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வந்தபோது கட்டிலோடு ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

இளஞ்செழியனின் விரல்கள் கீபோர்டின் மேல் காத்திருந்தன. நூரைப் பார்க்காமல் சொன்னேன்.

"காதுல இருக்கறதக் கழட்டுங்க. அந்த நர்சம்மா உங்கள எம்புட்டு நேரமாக் கூப்புடுது."