பால்கனி வழியே இறங்கிய கோயில்

பல் டாக்டர் புதிதாகத் திறக்கும் கிளினிக்கின் சுவரை, ஓவியக்காரி டேப் வைத்து ஒன்றுக்கு இரண்டு முறை அளந்திருந்தாள். அந்த அளவுக்கு மரச்சட்டம் அடித்து, துணியை இழுத்துக் கட்டி, ஆள் உயரத்தைத் தாண்டிய ஒரு கோயிலைத் தீட்டியும் முடித்துவிட்டாள். தன் வீட்டு மாடிப்படியை அளக்கத்தான் தோன்றவில்லை.

படம் அறையைவிட்டு வெளியே வந்தது. படிக்கட்டின் முதல் திருப்பத்தில் சிக்கி நின்றது.

"சாய்ங்க... இல்லை, இந்தப் பக்கம்!" என்றாள்.

பஸ் ஓட்டும் அவள் கணவன் எல்லாப் பக்கமும் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். "வண்டியை ரிவர்ஸ் எடுத்துடலாம்மா. இந்தச் சந்துல போகாது."

"சாயங்காலம் திறப்பு விழாங்க!"

துணியைச் சுருட்டவும் வழியில்லை. எண்ணெய் வண்ணம் மேலே தொட்டால் ஒட்டாது, உள்ளே இன்னும் ஈரம்.

டாக்டர் பார்த்து வரையக் கொடுத்திருந்தது ஒரு பெரிய அச்சுப்பிரதி. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் வரைந்த இந்துக் கோயில். அதைப் பார்த்த அன்று அவளுக்கும், கீழ்வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் நாத்தனாருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. கோபுரத்துச் சாமிகளுக்கெல்லாம் சர்ச் சுவரில் பறக்கும் குழந்தைகளின் கொழுகொழு கன்னம். குளக்கரையில் யானை, மயில், பாம்பாட்டி, முக்காடு போட்ட பெண்கள். ஒருத்தர் கையிலும் ஒரு வேலை கிடையாது.

"போட்டோ பிடிக்கிறவர் வர்றாருன்னு சொல்லி உட்கார வச்சிருக்காங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "யானைக் காதைப் பாருங்க. இவ்வளவு பெரிய காது நம்ம யானைக்கு ஏது? வேற தேசத்து யானையைக் கொண்டாந்து கட்டியிருக்காரு!"

டாக்டரோ இருப்பது இருக்கிறபடியே வேண்டும் என்று சொல்லிவிட்டார். தப்பையும் தப்பில்லாமல் வரைய வேண்டும். அவளும் வேண்டாவெறுப்பாகத்தான் தூரிகையை எடுத்தாள்.

கோபுரத்தின் மேற்குப் பக்கத்துக்கு வந்தபோது அவள் சிரிப்பு நின்றது. அந்த மனிதர் கல்லின் மேல் நேராக மஞ்சளைப் பூசவில்லை. அடியில் மங்கலான ஊதாவைப் படரவிட்டு, அது தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்படி மேலே மெல்லிசாகப் பொன்னிறத்தை இழுத்திருந்தார். அவளும் அப்படியே இழுத்தாள். துணியில் வெயில் அடித்தது. அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடக் காதில் விழவில்லை.

"என்னங்க, ஓடி வாங்க! ஆளுக்குக் கோயில் தெரியலை. ஆனா வெயில் தெரிஞ்சிருக்கு! அந்தக் கல்லு முன்னாடி நின்னு பார்த்திருக்காருங்க!"

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. விடிந்தும் விடியாமலும் எழுந்து ஓடி, நேற்று வைத்த நிறம் எப்படி உலர்ந்திருக்கிறது என்று பார்ப்பாள்.

அந்தப் படத்தைத்தான் இப்போது பால்கனி வழியே இறக்குவதென்று முடிவாயிற்று. நாத்தனார் கடையிலிருந்த கெட்டித் துணியையெல்லாம் நீளநீளமாகக் கிழித்து முறுக்கினாள். எதிர்க்கடை எலக்ட்ரீஷியன் கயிறோடு வந்தார். கணவன் தெருவில் இறங்கி, பஸ்ஸுக்கு வழி சொல்வதுபோல் இரண்டு கையையும் தூக்கினான்.

"வரட்டும், வரட்டும்... ரைட்டுல கொஞ்சம் விடு... ஹோல்டான்!"

பாதி வழியில் காற்று வீசியது. படம் பாய்மரம்போல உப்பிச் சுழன்றது. மேலே கயிற்றைப் பிடித்திருந்த ஓவியக்காரி சுவரில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தாள். கீழே போய்க்கொண்டிருந்தவர்கள் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கையை நீட்டினார்கள். கோபுரம், குளம், யானை எல்லாம் அத்தனை கைகளிலும் பத்திரமாக இறங்கின.

அவள் படியில் உருளாத குறையாக ஓடிவந்தாள். அதற்குள் அங்கே பெரிய வாக்குவாதம்.

"எங்க அம்மா ஊர்க் கோயில் இது. இதே குளம்!" என்றார் ஒருவர்.

"சும்மா இருங்க, இது எங்க ஊரு. கல்யாணமே இங்கதான் பண்ணிக்கிட்டேன்!"

"எந்த ஊர்லயும் இல்லைங்க. வரைஞ்ச வெள்ளைக்காரர் மனசுலயே கட்டினது," என்றாள் அவள் மூச்சிரைக்க. ஒருவரும் நம்பவில்லை.

அப்போதுதான் பார்த்தாள். குளத்துப் படிகளின் நடுவே கயிறு உரசி, நிறம் வழித்துக்கொண்டு போயிருந்தது.

"ஐயோ அண்ணி! அந்தப் பிரிண்ட்டை எடுத்துட்டு வரட்டுமா?"

"வேண்டாம். வண்ணப் பெட்டியை மட்டும் கொண்டா."

நடைபாதையிலேயே மண்டியிட்டாள். நிஜ வெயில் படத்தின் மேல் விழுந்தது. உள்ளே விளக்கடியில் வைத்த நிறம் வெளியே பல்லிளிக்குமோ என்று அவளுக்கு இத்தனை நாளும் உள்ளூரப் பயம். இளிக்கவில்லை. இரண்டு வெயிலும் எங்கே சேர்கின்றன என்றே தெரியவில்லை. ஊதாவை வைத்தாள், பொன்னிறத்தை இழுத்தாள். எங்கேயும் பார்க்காமல், யாரையும் கேட்காமல், கை தானாகப் போயிற்று. படிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

"நான் வச்சேன்னு தெரியுதா?" என்று கணவனிடம் கேட்டாள்.

அவன் குனிந்து, கண்ணை இடுக்கிப் பார்த்தான். "எதை?"

படத்தை ஏற்றிப்போக வண்டியோடு வந்த டாக்டர், கூட்டத்தை விலக்கிப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார். பிரிண்டில் பார்த்ததுதான். ஆனால் அதில் இப்படி ஒரு வெயில் அடித்து அவர் பார்த்ததில்லை. "இதுக்குப் பக்கத்துல லைட்டு போட வேண்டாம்னு சொல்லிடறேன்," என்றார் மெதுவாக.

படத்தை வண்டியில் ஏற்ற யாரும் ஒப்பவில்லை. ஆளுக்கொரு மூலை பிடித்துத் தூக்கியே நடந்தார்கள். ஓவியக்காரி வண்ணம் அப்பிய கையோடு, "ஈரம், ஈரம், படியைத் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடினாள். கிளினிக் வாசலில் ஊர்வலம் தயங்கி நின்றது.

"டாக்டர், செருப்பைக் கழட்டணுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

டாக்டர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முதலில் தன் செருப்பைக் கழற்றினார்.