என் பதினான்கும் அவளுடைய ஒன்றும்

1

சும்மா இருக்க முடியாமல் பிறந்த கதை இது. மருத்துவமனை ஆய்வகத்திலிருந்து அழைப்பு வரும்வரை வீட்டில் ஆளுக்கொரு வேலை வேண்டியிருக்கிறது. மகன் ஜன்னலைத் துடைக்கிறான், மூன்றாவது முறையாக. ஓய்வுபெற்றவனுக்கு ஜன்னல்கூட மிச்சமில்லை. எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: 'என் மருமகளின் சினைப்பையிலிருந்து பதினான்கு முட்டைகளை எடுத்தபோது மருத்துவமனையே எழுந்து நின்று கைதட்டி—'

(அடித்துவிட்டேன். ஏனென்று பிறகு சொல்கிறேன்.)

2

என் மருமகள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள். ஒரு கைப்பிடியை அசைத்து யானைக் கூட்டத்தையே தூக்கி அடுத்த கப்பலில் வைப்பாள்.*

அப்பேர்ப்பட்டவளிடம் மருத்துவர் கண்ணுக்குத் தெரியாத செல்களைப் பற்றிப் பேசினார். முட்டையைச் சுற்றி ஒட்டிக்கொண்டு அதை ஊட்டி வளர்ப்பவை அவை. இரத்தத்தில் பார்க்கும் ஏஎம்எச் என்ற ஹார்மோனும் அவை சுரப்பதுதான். அவளுக்கு அது அதலபாதாளத்தில் கிடந்தது. முட்டைகள் வளர நாள் தவறாமல் ஊசி போட்டும் ஸ்கேனில் ஒன்றே ஒன்றுதான் வளர்ந்திருந்தது.

"வேணும்னா இந்தத் தடவை நிறுத்திடலாம்," என்றார் மருத்துவர்.

"அளவு கம்மின்னா அந்த ஒண்ணும் நல்லா இருக்காதா டாக்டர்?"

"அப்படி இல்லைம்மா. எத்தனை மிச்சம் இருக்குன்னுதான் அது காட்டும். இருக்கிறது எப்படி இருக்குன்னு சொல்லாது."

"அப்ப எடுத்திடுங்க. இதுதான் கடைசி. இன்னொரு தடவை என்னால ஆகாது."

நேற்று எடுத்து, ஆய்வகத்தில் விந்தணுவோடு சேர்த்தார்கள். கரு உருவாயிற்றா என்று இன்று சொல்வார்கள்.

* நான் பார்த்ததில்லை. சந்தேகமிருந்தால் யானைகளைக் கேளுங்கள்.

3

முதுகுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"மாமா, யாருக்கு இந்தப் பதினாலு?"

"கதைதானேம்மா. எனக்குக் கொஞ்சம் கை தாராளம்."

"யானையை வெச்சுக்கோங்க. டாக்டரம்மாவுக்கு மீசை வேணும்னாலும் ஒட்டிக்கோங்க. முட்டையில மட்டும் கை வைக்காதீங்க."

"படிக்கிறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரணுமில்ல?"

"எனக்கு இருக்கிறது ஒண்ணு. அதுக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன். நீங்க பதிமூணைக் கூடச் சேர்த்தா, இது என்னவோ பத்தாத மாதிரி ஆயிடுது மாமா."

ஜன்னலிலிருந்து மகன் சொன்னான்: "அப்பா கையால ஒண்ணுன்னு எழுதினா பேனா உடைஞ்சிடும்."

எழுதினேன். ஒன்று. பேனா உடையவில்லை. (இதில் மிகை இல்லை.)

4

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன்.

அ) கரு உருவாகிவிட்டது. நான் நடுத்தெருவில் குட்டிக்கரணம் போடுகிறேன். போக்குவரத்து மூன்று நாள் ஸ்தம்பிக்கிறது.

ஆ) உருவாகவில்லை. அவள் வேலைக்குத் திரும்புகிறாள். அத்தனை உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள், யாருக்கும் தெரியாமல்—

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

முடிக்க நேரமும் இல்லை. தாளுக்குப் பக்கத்திலிருந்த கைபேசி அதிர்ந்தது. கை நீட்டினேன்.

"தொடாதீங்க மாமா! நீங்க எடுத்தா இரட்டைப் பிள்ளைன்னு ஊரையே கூட்டிடுவீங்க."

அவளே எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். மகன் துடைக்கும் துணியைக்கூடக் கீழே போடாமல் பின்னால் ஓடினான். கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் இரண்டு முதுகுகள் ஒட்டி நிற்கின்றன.

முடிவு அங்கே இருக்கிறது. கூப்பிடும்வரை நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப்போவதில்லை. உங்களுக்குத் தாங்காதென்றால் நீங்கள் போய்ப் பாருங்கள். கதவைத் தட்டிவிட்டுப் போங்கள்.