ஒற்றை முடிச்சு

சூசைமேரி ஒரு முடிச்சுதான் போடுவாள். அன்று காலையும் உடைமாற்றும் அறையில் முத்தாத்தாளை ஸ்டூலில் உட்காரவைத்து, பின்கழுத்து முடியை ஒதுக்கி, மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றின் இரண்டு நுனிகளையும் ஒரே முடிச்சில் சேர்த்துவிட்டுத் தோளில் மெதுவாகத் தட்டினாள். மூன்று முடிச்சு தாலி கட்டியவர் போடுவது, அதில் நாம் கை வைக்கக்கூடாது என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். நான் கையில் அந்த அம்மாளின் கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தேன். முத்தாத்தாள், வயது நாற்பத்து நான்கு, கோபிசெட்டிபாளையம் பக்கம், ஆறு மாதமாகத் தலைவலி, இரண்டு முறை வலிப்பு. கயிறு கட்டியான பிறகுதான் தாலிக்கொடியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கூட வந்திருந்தவர் அவளுடைய தம்பி சுப்பையன். வீட்டுக்காரர் வயலுக்குத் தண்ணீர் கட்ட வேண்டியிருந்ததால் வரவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு எம்.ஆர்.ஐ. இயந்திரம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அது ஒரு பெரிய காந்தம், இருபத்துநான்கு மணி நேரமும் அணையாத காந்தம். தங்கத்தை அது இழுக்காது. ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் தாலிக்கொடியில் இரண்டு மூன்று ஊக்குகளைக் கோத்து வைத்திருப்பார்கள், சேலைக்கு ஒன்று, ரவிக்கைக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று என்று. அவற்றை இழுக்கும். அதனால் தாலியோடு யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது விதி. தொடங்கிய புதிதில் அந்த விதியை நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மெட்ராஸில் மூன்று மாதம் பயிற்சி எடுத்துவந்தவள் நான். பதினொரு வருடம் எக்ஸ்ரேயில் இருந்தவள். காந்தம் என்றால் என்ன, படம் எப்படி உருவாகிறது என்று பொறுமையாக விளக்கிவிட்டுக் கையை நீட்டுவேன். அந்தப் பெண்கள் என் கையைப் பார்க்க மாட்டார்கள். கழுத்தைப் பார்ப்பார்கள், பிறகு நெற்றியைப் பார்ப்பார்கள். ஒருத்தி தாலியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, வேறு யாராவது இருக்கிறார்களா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை பார்த்த என் கணவர் இறந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. பொட்டு வைத்துக்கொள் என்று என் தம்பிகூடச் சொன்னான். யாருடைய விருப்பத்துக்காகவோ வைத்துக்கொள்வது போலத் தோன்றியதால் வைக்கவில்லை.

பிறகு சூசைமேரி வந்தாள். என்னைவிட எட்டு வயது இளையவள், சுங்கம் பக்கத்தில் வீடு. அவள் தாலியில் சிலுவை இருக்கும். தினமும் காலையில் அதைக் கழற்றி லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். வந்த இரண்டாவது வாரமே கோனியம்மன் கோயில் வாசலில் மஞ்சள் கயிறும் கிழங்கும் வாங்கிவந்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தாள். தாலியைக் கழற்றும் முன்னாலேயே இந்தக் கயிற்றைக் கட்டிவிடுவாள். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்காது. ஜெபமாலை உருட்டும் ஒருத்திக்கு இது தோன்றியிருக்கிறது, மாரியம்மன் நோன்பு இருந்து வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அதைக் கட்டும் கையாக என் கை இருந்திருக்க முடியாது. அதுதான் நெஞ்சில் கிடந்து அறுத்தது. படம் எடுத்துப்போன பெண்கள் ரிப்போர்ட் வாங்க வரும்போது அவளுக்கு ஒரு சீப்பு பூவன்பழம், மரவள்ளிக்கிழங்கு, ஒரு முழம் கனகாம்பரம் என்று கொண்டுவந்தார்கள். "மேரி அம்மணி இல்லீங்களா?" என்று என்னிடம்தான் கேட்பார்கள். அவள் பழத்தை இரண்டாகப் பிரித்துப் பாதியை என் மேஜையில் வைப்பாள். நான் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாப்பிடாமல் கறுக்கவிடுவேன்.

அந்த மாதக் கடைசிக்குப் பிறகு எங்கள் இருவரில் ஒருத்திதான் இயந்திரத்தில் இருக்கமுடியும் என்று ஆகியிருந்தது. இன்னொருத்தி அடித்தளத்தில் இருந்த எக்ஸ்ரே பிரிவுக்குத் திரும்ப வேண்டும். முடிவு ரேடியாலஜி டாக்டர் மெஹராஜ் கையில். அவர் என்னை அழைத்து, உங்கள் படங்கள்தான் சுத்தமாக இருக்கின்றன பொற்கொடி, ஆனால் ஆட்கள் மேரியிடம்தான் அசையாமல் படுக்கிறார்கள் என்றார். அந்த அடித்தளத்து இருட்டறையில், படம் கழுவும் ஹைப்போ திரவத்தின் புளிப்பு வாடையில் பதினொரு வருடம் நின்றிருக்கிறேன். திரும்ப அங்கே போவதை நினைத்தால் மூச்சு முட்டியது. கீழே போகப்போவது நான்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முத்தாத்தாளை மேரி உள்ளே அழைத்துப்போனாள். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், இயந்திரத்தை இயக்கும் கன்சோலில் உட்கார்ந்தேன். மேரி அவளை இயந்திரத்தின் நகரும் மேஜையில் படுக்கவைத்துப் போர்வையை மார்புவரை இழுத்துவிடும்போது, மஞ்சள் கிழங்குக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று மினுங்கியது. ஊக்கு. கயிற்றில் கோத்திருந்தது. மேரி அந்த நேரம் தலைமாட்டுக்குப் போய், படம் பிடிக்கத் தலையைச் சுற்றி வைக்கும் கூண்டு போன்ற 'காயில்' கருவியை மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது தெரியவில்லை.

உள்ளே பேசுவதற்கான மைக் பொத்தான் என் சுட்டுவிரலுக்கு அடியில் இருந்தது. அழுத்தி ஒரு வார்த்தை சொன்னால் போதும். படத்தில் ஒரு கறுப்பு ஓட்டை விழும், மேரிக்குத் திட்டு விழும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டும் இருந்தேன். ஆனால் மெட்ராஸில் பயிற்சியின் முதல் நாள், ஒரு ஸ்பானர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்து உள்ளே ஒட்டியதைப் பார்த்தவள் நான். கண் எங்கே இருக்கிறது, ஊக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாதவள் அல்ல. விரலை அப்படியே வைத்திருந்தேன். மேரி உள்ளே அனுப்பும் பொத்தானை அழுத்த, மேஜை நகர ஆரம்பித்தது.

முதலில் போர்வையின் விளிம்பு லேசாகத் தூக்கியது. பிறகு அதற்குள்ளிருந்து மஞ்சள் கயிறு எழுந்தது. யாரும் பிடிக்காமல், முத்தாத்தாளின் கழுத்திலிருந்து நேராக, விறைப்பாக, இயந்திரத்தின் வாயைப் பார்த்து நின்றது. கிழங்கு அதன் நடுவில் ஆடியது. இரண்டு நொடி இருக்கலாம். ஒற்றை முடிச்சு நழுவியது. கயிறு அவள் கன்னத்தை உரசிக்கொண்டு போய் உள்ளே மேல்சுவரில் டக்கென்று ஒட்டியது.

மேரி மேஜையை வெளியே இழுத்தாள். முத்தாத்தாள் கத்தவில்லை. எழுந்து உட்கார்ந்து கழுத்தைத் தடவினாள். பிறகு அண்ணாந்து, சுவரிலிருந்து தொங்கும் கயிற்றைப் பார்த்தாள்.

"கயிறு போயிருச்சுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

கன்னத்தில் ஒரு கீறல், கண்ணுக்கு ஒரு விரல் தள்ளி. ரத்தம் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. அதை அவள் கவனிக்கவே இல்லை. தாலிக் கைக்குட்டையை அவளிடம் கொடுத்ததும் அதை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு தம்பியைக் கூப்பிடச் சொன்னாள். வீட்டுக்காரருக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டுவரச் சொன்னாள். சுப்பையன் ஒன்றும் கேட்காமல், ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். ஊரில் போன் இருப்பது பால் சொசைட்டியில். அங்கிருந்து ஆள் போய் வயலில் பார்த்து வரவேண்டும், அரை மணி கழித்துக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். அவர் பூத்திலேயே நின்றுவிட்டார். அந்த அரை மணி நேரம் முத்தாத்தாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வாசலையே பார்த்தாள். ஒரு முறை மட்டும், யாரிடம் என்றில்லாமல் பேசினாள்.

"எப்பவும் அதுல ரெண்டு ஊக்கு கெடக்குமுங்க. வெறுங்கயிறா இருக்கவும் கை அதுவா எடுத்து மாட்டிப்போட்டுது. நாந்தான் பண்ணிப்போட்டேன்."

நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். சொல்லியிருக்கலாம். கீறலில் மருந்து தடவினேன்.

டாக்டர் மெஹராஜ் மேரியை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். சத்தம் எதுவும் கேட்கவில்லை, அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. மேரி வெளியே வந்து லாக்கரைத் திறந்து, தன் தாலியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். வேலை நேரத்தில் அவள் கழுத்தில் அதை அன்றுதான் பார்த்தேன். சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். பிஸ்கட் டப்பாவை எடுக்கவில்லை.

"கீழ எக்ஸ்ரேக்குப் போகச் சொல்லிட்டாங்கக்கா. இன்னையில இருந்தே."

நான் தலையாட்டினேன். அவள் போகாமல் நின்றாள்.

"உங்களுக்கும் தெரியலீங்களாக்கா, கண்ணாடி வழியா?"

"லைட்டு அடிச்சுது மேரி. தெரியல."

"தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டீங்களா," என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை. "பக்கத்துல நின்ன எனக்கே தெரியலியே. அந்தம்மாகிட்ட, ரிப்போர்ட் வாங்க வர்றப்ப மன்னிப்புக் கேக்கறேன்னு சொல்லுங்க. இப்பக் கேட்டா அழுதுபோடுவேன்."

படியிறங்கிப் போகும் அவள் செருப்புச் சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். இருட்டறைக் கதவில் ஒரு பழைய கீல் உண்டு, திறந்தால் முனகும். இரண்டு மாடி தாண்டி அது மேலே கேட்காது என்று தெரிந்தும் அதற்காகக் காத்திருந்தேன். நான் விரும்பியது எனக்குக் கிடைத்திருந்தது.

சுப்பையன் வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"அக்கா, மாமன் நல்லா இருக்கறாரு. வாய்க்கா மேட்டுல உக்காந்து கம்மங்கூழு குடிச்சுட்டு இருந்தாராமா. எதுக்கு இந்தக் கூத்துன்னு சொசைட்டிக்காரரத் திட்டியிருக்கறாரு."

முத்தாத்தாள் சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. புறங்கையால் முகத்தைத் துடைத்துவிட்டு, வந்த வேலையை முடித்துக்கொண்டே போகலாம் என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அந்த அம்மணிய வரச் சொல்லுங்க. கயித்தக் கட்டோணுமல்லோ."

இத்தனைக்கும் பிறகு அவள் கேட்டது மேரியைத்தான். அந்த நேரத்தில்கூட என் நெஞ்சில் முதலில் எழுந்தது குற்ற உணர்வு அல்ல, பழைய அதே எரிச்சல். மேரி வேறு பிரிவுக்குப் போய்விட்டாள் என்றேன். முத்தாத்தாளின் பார்வை என் கழுத்துக்கு வந்து, நெற்றிக்கு வந்து, அங்கே கொஞ்சம் நின்று, தரைக்குப் போனது. தம்பி கட்டக்கூடாது. வராந்தாவில் வேறு பெண்கள் யாரும் இல்லை. "நானே கட்டிக்கறனுங்க," என்றாள்.

உடைமாற்றும் அறைக்குக் கூட்டிவந்து பிஸ்கட் டப்பாவை நீட்டினேன். புதுக் கயிறு ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தாள். கைகளைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோனாள். முதல் முறை முடிச்சு நழுவியது. இரண்டாம் முறையும். நான் ஓர் அடி தள்ளிப் பின்னால் நின்றேன்.

அந்தக் கண்ணாடியின் விளிம்பு முழுவதும் ஸ்டிக்கர் பொட்டுகள். ஒரு வருடமாக ஸ்கேனுக்குப் போன பெண்கள் எடுத்து ஒட்டிவிட்டு, திரும்ப எடுக்க மறந்தவை. அரக்கு, சிவப்பு, பச்சைக் கல் வைத்தது. யாரோ ஒருத்தி மட்டும் விளிம்பில் ஒட்டாமல் நடுக் கண்ணாடியில் ஒட்டியிருந்தாள். முத்தாத்தாளின் தலைக்கு மேலே தெரிந்த என் முகத்தில், அந்தச் சிவப்புப் பொட்டு சரியாக என் நெற்றியில் உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் அசைந்தாலும் விலகிவிடும். நான் அசையவில்லை.

அவள் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாள் என்று தெரியவில்லை. முழங்கைகள் இரண்டும் தூக்கியபடி இருந்தன. பின்கழுத்தில், நரைத்த முடிக்குக் கீழே, கயிற்றின் இரண்டு நுனிகளும் அவள் விரல்களிலிருந்து எனக்கு நேரே நீண்டிருந்தன. கட்டு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் கைகளை இறக்கவில்லை.