பசையில் விழுந்த உப்பு

வாசலில் வேன் வந்து நின்றதும் முஸ்பிறாவுக்கு மூச்சு வந்தது. படம் கிழியாமல் காய்ந்துவிட்டது. இனிப் பயமில்லை.

வேனில் வந்த றம்ஸீன் சாய்ந்தமருதுக்காரர். கொழும்பில் ஓவியக்கூடம் நடத்துகிறார். மாடிக்கு ஏறியவர் நேரே படத்துக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

ஒலுவில் துறைமுகத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் மீன்பிடி வள்ளங்கள். மெல்லிய சீனத் தாளில், சீன மையால், ஒரே இழுப்பில் போட்டவை. போட்ட கோட்டைத் திருத்த வழியில்லை. அந்தத் தாளைப் பசை தடவித் தடித்த தாளில் ஒட்டி, அதன்மேல் கடலையும் வானத்தையும் நீர்வர்ணத்தால் மெல்ல மெல்ல ஏற்றியிருந்தாள். மைக்கோடு, புலமைப்பரிசிலில் சீனாவுக்குப் போய்ப் படித்தது. நீர்வர்ணம், கலாசாலையில் வெள்ளைக்காரர் முறையில் படித்தது. இரண்டும் ஒரே படத்தில் சண்டையில்லாமல் இருப்பது இதுதான் முதல் தடவை.

"நடுச்சுவர் ஒங்களுக்குத்தான் தங்கச்சி. நாளைக்குப் பின்னேரம் கண்காட்சித் திறப்பு. ஒரு டொக்டர் இப்பவே கேட்டு வெச்சிரிக்கார்" என்றார் றம்ஸீன். மாரிக்கு முந்தி அடிக்கும் வறண்ட கச்சான் காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கியது. "இந்த அனல் காத்துக்குள்ள எப்பிடிக் கிழியாமக் காஞ்ச?"

தேத்தண்ணியோடு வந்த சுபைறா, முஸ்பிறாவுக்கு மூத்த ராத்தா, முந்திக்கொண்டாள். "பசை காய்ச்சின நானெல்லுவா! அளவா உப்பும் போட்டுத்தான் காய்ச்சின."

கோப்பைக்கு நீட்டிய முஸ்பிறாவின் கை அந்தரத்தில் நின்றது. "உப்பா?"

"மாவெண்டா உப்புப் போடாம அடுப்புல வெப்பாங்களா? கை தன்பாட்டுல போட்டிரிச்சி."

அதனால்தான் கிழியவில்லை. உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துத் தாளைச் சட்டென்று சுருங்க விடவில்லை. கச்சான் அடிக்கும்வரை அது நல்லது. மாரி மழை தொடங்கினால்? உப்பு காற்றிலுள்ள தண்ணீரை எல்லாம் உறிஞ்சும். தாள் ஊதும். பூஞ்சணம் பிடிக்கும். அப்போது படம் டொக்டர் வீட்டுச் சுவரில் தொங்கும். மூலையில் அவளுடைய பெயர் இருக்கும்.

றம்ஸீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. படத்தைச் சுற்றத் துணி தேடிக்கொண்டிருந்தார்.

முஸ்பிறாவின் முகத்தைக் கண்ட ராத்தா காதோடு கேட்டாள். "பிழையா?"

"படம் பழுதாப் போகும்."

"வாய மூடிட்டு இரி. மாரிக்கு இன்னும் காலம் கிடக்கு."

ஒரு நிமிடம் முஸ்பிறா வாயை மூடித்தான் இருந்தாள். துணி படத்தின் மேல் விழப்போனபோது, "காக்கா, வைங்க!" என்று றம்ஸீனைப் பார்த்துக் கத்திவிட்டாள்.

எல்லாவற்றையும் கேட்ட றம்ஸீன் நெற்றியைத் தேய்த்தார். "திறப்பு முடியட்டும், பிறகு பாப்பம்."

"இண்டைக்கெண்டா பசை விடும். நாள் போனா இறுகிரும்."

"கழட்டினா என்ன மிஞ்சும்?"

"மை மிஞ்சும். வர்ணம் போயிரும். தாள் கிழிஞ்சா ஒண்டுமே மிஞ்சாது."

"ஒங்களுக்குப் பைத்தியம்!"

முஸ்பிறா மேசையில் பொலித்தீனை விரித்துப் படத்தைக் குப்புறப் போட்டாள். முதுகில் தண்ணீரைத் தடவி, ஊறட்டும் என்று காத்திருந்தாள். சுபைறா பிஸ்மி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தடித்த தாளின் மூலையைக் கிள்ளித் தூக்கினாள். வந்தது. ஒரு விரல், இரண்டு விரல். பொலித்தீன் ஓரத்தால் நீலம் வழிந்து நிலத்தில் சொட்டியது. எத்தனையோ நாள் ஏற்றிய கடல்.

சர்ர்!

மூன்று பேரும் அசையவில்லை. முஸ்பிறா குனிந்து பார்த்தாள். வானத்து மூலையில் ஒரு சின்னக் கிழிசல். வள்ளத்தைத் தொடவில்லை. விரல் விரலாக மிச்சத்தை உரித்தாள். உப்புப் போகும்வரை நல்ல தண்ணீர் ஊற்றி ஊற்றி ஒற்றினாள். பிறகு தாளைப் பொலித்தீனோடு சேர்த்து மெல்லத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

வள்ளங்கள் நின்றன. ஒரு கோடுகூடக் கலங்கவில்லை. கறுப்பு முன்னையைவிடக் கூர்மையாகத் தெரிந்தது. சுற்றிலும் வெறும் வெள்ளை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்ற சுபைறா அப்படியே கதிரையில் சரிந்தாள்.

"மூலையப் பின்பக்கத்தால ஒட்டலாம்" என்றாள் முஸ்பிறா. "ஆனா நாளைக்கு முடியாது காக்கா. நடுச்சுவர வேற ஆளுக்குக் குடுங்க."

றம்ஸீன் வெள்ளைத் தாளில் நின்ற வள்ளங்களையே பார்த்தார். பிறகு ஓவியக்கூடத்துக்குப் போன் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போனார்.

"நான்தான். நடுச்சுவர் சும்மா இரிக்கட்டும். ஓம், திறப்பண்டைக்கும் சும்மாதான்… இல்ல, படம் இரிக்கி. கடல் மட்டும் இன்னும் வரல்ல."